குழந்தைக்குக் குரோஷே ஸ்வெட்டர்: பின்னுவதற்கு முன்னும் பின்னும் வரும் கேள்விகள்

கோவையில் என் வீட்டுக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை சிலருக்குக் குரோஷே, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் வேலை, சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே காரணம்தான். தங்கைக்கோ மகளுக்கோ கூட வேலை பார்ப்பவருக்கோ குழந்தை பிறக்கப்போகிறது, கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். எல்லோரும் ஆசைப்படுவதும் ஒன்றைத்தான்: முன்பக்கம் திறந்து பொத்தான் போடும் குட்டி ஸ்வெட்டர், கடைக்காரர் மொழியில் கார்டிகன். கேள்விகளும் ஆண்டுதோறும் அவையேதான் வருகின்றன. சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இதுவரை ஊசியைத் தொட்டதே இல்லை. முதல் வேலையே ஸ்வெட்டராக இருக்கலாமா?

இருக்கலாம், கையில் மூன்று மாதம் இருந்தால். அடுத்த வாரம் தொட்டில் போடுகிறார்கள் என்று வந்து நின்றால் நான் நல்ல துணிக்கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன்.

தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். சங்கிலி போடத் தெரிய வேண்டும். சிங்கிள் என்ற குட்டைப் பின்னல், டபுள் என்ற உயரமான பின்னல் இரண்டும் கையில் படிய வேண்டும். வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடிக்கப் பழக வேண்டும். ஊசி முடித்துவிட்டுப் போகும் ஒவ்வொரு பின்னலையும் கண்ணி என்று சொல்வது என் வழக்கம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் பருத்தி நூலில் ஒரு சாண் சதுரம் பின்னுங்கள். யாருக்கும் முதல் சதுரம் சதுரமாக வராது. என்னுடையது தோசைத் திருப்பி போல மேலே குறுகிக் கீழே அகன்று இருந்தது. அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்க அது பல வருடம் உழைத்தது. நான்கு பக்கமும் நேராக வரும் நாளில் ஸ்வெட்டரைத் தொடங்கலாம்.

திருப்பூரிலிருந்து நல்ல குழந்தைத் துணிகள் சல்லிசாகக் கிடைக்கும்போது இந்த மெனக்கெடல் எதற்கு?

திருப்பூர் பனியனோடு போட்டி போட நம்மால் ஆகாது, போடவும் வேண்டாம். குழந்தையின் தோலில் படுவதற்கு அந்த மெல்லிய பருத்தி பனியனே சரி. நாம் பின்னுவது அதன்மேல் போடுவதற்கு. பரிசுப் பெட்டியில் இரண்டு பனியனையும் ஸ்வெட்டரோடு மடித்து வையுங்கள். பெற்றவளுக்கு உடனே வேலைக்கு ஆவது அவைதான்.

எங்கள் ஊரில் குளிரே கிடையாது. ஸ்வெட்டரை எப்போது போடுவார்கள்?

சென்னைக்காரர்கள் அத்தனை பேரும் கேட்பது இது. மார்கழி விடியற்காலை, ரயிலில் ஏ.சி. பெட்டி, தடுப்பூசிக்குக் காத்திருக்கும் குளிரூட்டிய அறை, ஊட்டிக்கோ பெங்களூருக்கோ ஒரு பயணம் என்று வருடத்தில் பதினைந்து இருபது நாள் தேறும். அந்த நாட்களுக்கு ஏற்ற நூலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். குன்னூரில் இருக்கும் குழந்தைக்குப் பின்னும் கனத்த நூலில் திருச்சிக் குழந்தைக்குப் பின்னினால் அது பீரோவுக்குத்தான் போகும்.

எந்த நூல் வாங்குவது?

உல்லன் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அதில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது. அது குற்றமில்லை, தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்ரிலிக் இலேசானது, சுருங்காது, துவைக்கச் சுலபம், நிறங்கள் ஏராளம். குழந்தைகளுக்கென்றே மென்மையாகச் செய்த ரகம் இருக்கிறது. கன்னத்திலோ கழுத்தின் பக்கவாட்டிலோ நூல்கண்டைத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனி சமையலறையில் மரத்துப்போனது, அதன் தீர்ப்பு செல்லாது. அக்ரிலிக்கின் குறை நெருப்பு. பருத்தியைப் போலக் கருகாமல் உருகித் தோலில் ஒட்டும். தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வீடுகளில், தணல் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் இந்த ஸ்வெட்டர் குழந்தையின் மேல் இருக்கவே கூடாது. பரிசு கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

பருத்தி நூல் நம் சமவெளி ஊர்களுக்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சும், உறுத்தாது. ஆனால் கனம் அதிகம், நனைந்தால் இன்னும் கனக்கும். தோளில் தொங்கி நீண்டுபோகும். மெல்லிய நூலில், சின்ன அளவில் பின்னினால் அந்தத் தொல்லை குறையும். பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிக்குப் பாதி கலந்த நூல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அசல் ஆட்டு ரோம நூல் மலை ஊர்களுக்கும் வெளிநாட்டுக் குளிருக்கும் நல்லது. மெரினோ என்ற ரகம் குத்தாது. சிக்கல் துவைப்பதில்தான். வெந்நீரில் போட்டு அலசிவிட்டால் சுருங்கி, தடித்து, பொம்மைக்குப் போடும் அளவுக்கு ஆகிவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவளிடம் குளிர்ந்த நீரில் தனியாகக் கசக்காமல் அலசு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

புசுபுசுவென்று பஞ்சு உதிரும் நூல்கள் வேண்டாம். குழந்தை கையை வாயில் வைக்கும், பஞ்சும் கூடவே போகும்.

எவ்வளவு வேண்டும் என்றால், ஆறு மாத அளவுக்கு 150 முதல் 200 கிராம். ஒரு கண்டு கூடுதலாகவே வாங்குங்கள். உறையில் நிறத்தின் எண்ணோடு, ஒரே தடவையில் சாயம் ஏற்றிய கண்டுகளுக்கான சாயத்தொகுதி எண்ணும் இருக்கும். எல்லாக் கண்டுகளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நாள் கழித்துப் போய் அதே மஞ்சள் என்று வாங்கி வந்த கண்டு, வலது கை மட்டும் வேறு மஞ்சளாக நிற்பதை வெயிலில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஊசி எத்தனை எண்?

எண்களை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். நூலின் உறையில் ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் 3.5, 4 என்று போட்டிருக்கும். கீழே நான் சொல்லும் கணக்கு 4 மி.மீ. ஊசிக்கு.

ஒரு புத்தகத்தில் சிங்கிள் என்பதை இன்னொன்றில் டபுள் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஒன்று அமெரிக்க வழக்கு, மற்றது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் சிங்கிள் என்பதை பிரிட்டிஷார் டபுள் என்பார்கள். அமெரிக்கர் டபுள் என்பது அங்கே டிரெபிள். நம் பாட்டிமார் கற்ற பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு, இன்று வீடியோக்களில் ஓடுவது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குறிப்பில் எங்கேயாவது சிங்கிள் என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அந்தச் சொல் கிடையாது.

நான் அமெரிக்கக் கணக்கில் சொல்கிறேன். சிங்கிள் என்றால் ஊசியைக் குத்தி, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்களையும் ஒன்றாக விடுவிப்பது. டபுள் என்றால் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு குத்தி, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று வளையங்களை இரண்டிரண்டாக விடுவிப்பது.

எந்த அளவில் பின்னுவது? பிறந்த குழந்தை அளவா?

கூடவே கூடாது. இதில் நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது.

நான் பின்னிய முதல் ஸ்வெட்டர் என் நாத்தனார் குழந்தைக்கு. வெள்ளை நிறம், அசல் ரோம நூல், கழுத்தில் சாட்டின் ரிப்பன், பிறந்த குழந்தை அளவு. நாற்பது நாள் உட்கார்ந்து பின்னினேன். குழந்தை பிறந்தது சித்திரை வெயிலில். பழைய வேட்டித் துணியைச் சுற்றியே வியர்க்குரு வந்த பிள்ளைக்கு ரோமச் சட்டையை யார் போடுவார்கள்? கொஞ்சம் குளிர் வந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். கை முழங்கையோடு நின்றுவிட்டது. பல வருடம் கழித்து அவர்கள் வீடு மாறியபோது பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு, அதே டிஷ்யூ தாளில், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன் அண்ணி என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

அன்றிலிருந்து நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் நூலைப் பிரிக்கிறேன். பிறக்கும் மாதத்தை விட்டுவிடுங்கள். அந்த ஊரில் குளிர் வரும்போது குழந்தைக்கு எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். ஆடியில் பிறந்தால் மார்கழியில் ஐந்து மாதம், ஆறு மாத அளவில் பின்னலாம். தையில் பிறந்தால் அடுத்த குளிருக்கு ஒரு வயது நெருங்கிவிடும், பன்னிரண்டு மாத அளவு.

மார்புச் சுற்றளவு மூன்று மாதத்துக்கு 40.5 செ.மீ., ஆறு மாதத்துக்கு 43, ஒரு வயதுக்கு 45.5, ஒன்றரை வயதுக்கு 48 என்பது பின்னல்காரர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. குழந்தைக்குக் குழந்தை மாறும். ஸ்வெட்டரின் சுற்றளவு இதைவிட நான்கைந்து செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்று மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சுற்றளவு ஏழெட்டு செ.மீ.தான் கூடுகிறது. அதே நேரத்தில் கையின் நீளம் அக்குளிலிருந்து மணிக்கட்டுவரை 15 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்குப் போய்விடும். நல்ல தாராளமான அகலத்தில் பின்னி, கையை இரண்டு விரற்கடை நீளமாக விட்டு மடித்துக் கொடுத்தால் அடுத்த குளிருக்கும் வரும்.

குழந்தை பிறக்கும் முன்பே கொடுக்கலாமா?

பல வீடுகளில் பிறக்கும் முன் குழந்தைக்கென்று எதுவும் வாங்கமாட்டார்கள். வளைகாப்புக்கு ஸ்வெட்டரோடு போய், அங்கே பெரியவர் ஒருவர் முகம் சுருங்கி, அந்த நல்ல நாள் கெடுவானேன்? பின்னி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். பெயர் சூட்டும் நாளிலோ தொட்டில் போடும் நாளிலோ கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் பிறக்கும் முன்பே விருந்து வைத்துப் பரிசு வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் அங்கே அவர்கள் வழக்கம். ஆறு மாத அளவில் பின்னுவதில் இந்த நிம்மதியும் இருக்கிறது, அவசரமே கிடையாது.

சரி, எப்படிப் பின்னுவது? எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முறை இது. தனித்தனியாகப் பின்னித் தைத்து இணைக்கும் வேலை இல்லை. ஆறு மாத அளவு, 4 மி.மீ. ஊசி.

முதலில் மாதிரிச் சதுரம். டபுளில் பின்னிப் பார்த்தால் 10 செ.மீ. அகலத்தில் 16 கண்ணியும் 10 செ.மீ. உயரத்தில் 9 வரிசையும் வர வேண்டும். இதைச் செய்யாமல் தாவுகிறவர்கள்தான் அதிகம், ஆகவே கணக்கைக் காட்டுகிறேன். உடம்புப் பகுதியில் 76 கண்ணி. உங்கள் கைக்கு 16 வந்தால் சுற்றளவு 47.5 செ.மீ. கை இறுக்கமாகி 17 வந்தால் 44.7. குழந்தையின் மார்பு 43. பனியன்மேல் போட்டால் பொத்தான் திணறும். 14 வந்தால் 54 செ.மீ.; அது ஒன்றரை வயதுப் பிள்ளைக்கே தொளதொளவென்று இருக்கும். இறுக்கமாக வந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், தளர்வாக வந்தால் சிறிதாக்குங்கள். கையை மாற்ற முயலாதீர்கள். கோபம் வந்தால் கை தானாக இறுகும், மாமியார் போனில் வந்தாலும் இறுகும்.

44 சங்கிலி போடுங்கள். இதற்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசி நல்லது, கழுத்து இறுகாமல் இருக்கும். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் முதல் டபுள். விட்டுப்போன மூன்று சங்கிலி ஒரு கண்ணியாகக் கணக்கு. ஆக மொத்தம் 42 கண்ணி. அவற்றை இப்படிப் பிரியுங்கள்: முன்பக்கம் 7, கை 7, முதுகு 14, கை 7, மறு முன்பக்கம் 7. ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவே 2 சங்கிலி. இப்படி நான்கு மூலைகள் கிடைக்கும். நான்கிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒன்பதாம் வரிசைவரை ஒரே வேலை. 3 சங்கிலி போட்டுத் திருப்புங்கள், அது முதல் கண்ணி. கண்ணிக்கு ஒரு டபுள். மூலை வந்தால் அந்தச் சங்கிலி இடைவெளிக்குள் ஒரு டபுள், 2 சங்கிலி, மறுபடி ஒரு டபுள். வரிசைக்கு 8 கண்ணி கூடும். ஒன்பதாவது முடியும்போது முன்பக்கம் 15, கை 23, முதுகு 30, கை 23, முன்பக்கம் 15, மொத்தம் 106. எண்ணுங்கள். வரவில்லை என்றால் மூலைகளில்தான் தவறு இருக்கும்.

பத்தாவது வரிசையில் கை பிரிகிறது. 15 டபுள், 8 சங்கிலி, கையின் 23 கண்ணியையும் இரு பக்க மூலைகளையும் தாண்டி முதுகில் 30 டபுள், மறுபடி 8 சங்கிலி, அடுத்த கையைத் தாண்டி 15 டபுள். அதுவரை விரித்த விசிறி போலக் கிடந்தது, இந்த வரிசை முடிந்ததும் சட்டென்று சட்டையாகிவிடும். என் கூடத்தில் யாராவது வாய்விட்டு ஆச்சரியப்படுவது இந்த இடத்தில்தான். பதினோராவது வரிசையில் அந்த 8 சங்கிலியிலும் கண்ணிக்கு ஒன்றாகப் பின்னினால் 76 வரும். கூட்டாமல் குறைக்காமல் இருபத்திரண்டாம் வரிசைவரை போங்கள். கீழே இரண்டு வரிசை சிங்கிள்.

கைக்கு அக்குளில் இருக்கும் 8 சங்கிலியின் அடிப்பக்கத்தில் 8 டபுள், மேலே காத்திருக்கும் 23 கண்ணியில் 23 டபுள், ஆக 31. சுற்றாகப் பின்னுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் உடம்பின் பின்னல் ஒரு தினுசாகவும் கையின் பின்னல் வேறாகவும் தெரியும். 4, 8, 12-ஆம் சுற்றுகளில் அக்குளுக்கு நேராக இரண்டிரண்டு கண்ணி குறைத்தால் 25-இல் நிற்கும். 14 சுற்று, பிறகு இரண்டு சுற்று சிங்கிள். மடித்துவிட வேண்டுமென்றால் மூன்று சுற்று கூடுதலாக.

கடைசியாக முன்விளிம்பு. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் இரண்டு சிங்கிள். விளிம்பு அப்பளம் போல அலை அலையாக எழுந்தால் ஐந்து வரிசைக்கு ஒருமுறை ஒன்று மட்டும் போடுங்கள், படிந்துவிடும். இரண்டு பக்கமும் நான்கு வரிசை. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டாம் வரிசையில் பொத்தான் துளைகள்: 2 சங்கிலி போட்டு 2 கண்ணி தாண்டுங்கள். மேலே மூன்று துளை போதும். கீழே திறந்திருந்தால் துணி மாற்ற வசதி.

ராக்லான் ராக்லான் என்கிறார்களே, என்ன அது?

மேலே சொன்னதுதான், கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும் மூலைக்கோட்டுக்கு அந்தப் பெயர். ராக்லான் பிரபு என்ற பிரிட்டிஷ் தளபதி 1815-இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர். கை இப்படி அமைந்த மேலங்கிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் பின்னாளில் கிரிமியப் போரில் அவருக்குக் கீழே இருந்தவர் கார்டிகன் பிரபு. அவர் 1854-இல் குதிரைப் படையை நடத்திச் சென்று பெரும் சேதத்துக்கு ஆளான இடம் பாலக்லாவா. நம் குரங்குக் குல்லாய்க்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர்தான். ஒரு சண்டையிலிருந்து குழந்தைக்கு முழு உடுப்பும் வந்துவிட்டது.

ஓரம் சாய்ந்துகொண்டே போகிறது. ஏன்?

வரிசையின் கடைசிக் கண்ணியை விடுகிறீர்கள். முந்தைய வரிசையின் 3 சங்கிலியும் ஒரு கண்ணி என்பதால் அதன் உச்சியில் குத்த வேண்டும். பார்க்க ஒல்லியாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு வரிசையையும் எண்ணுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே பின்னுவது அப்புறம்.

பூ வேலை, வலை வேலை எல்லாம் வைக்கலாமா?

அழகுதான். ஆனால் குழந்தையின் விரல் நுழையும் துளை எதுவும் கைப்பகுதியில் வேண்டாம். நம் குழந்தைகள் கையில் வெள்ளிக் காப்பு இருக்கும், வசம்பு வளையல் இருக்கும். காப்பின் வாய் ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டால் கையை உருவ முடியாமல் குழந்தை வீறிடும், அம்மா பதறிப்போய் இழுப்பாள். உள்பக்கம் தொங்கும் நூல் முனைகளும் அப்படியே ஆபத்து. விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடலாம். ஒவ்வொரு முனையையும் கம்பளி ஊசியில் கோத்து முன்னும் பின்னுமாக மூன்று முறை நுழைத்த பிறகே வெட்டுங்கள். கைக்குள் உங்கள் விரல்களை விரித்து நுழைத்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் சரிசெய்யுங்கள்.

பொத்தான், ரிப்பன்?

ரிப்பன், கயிறு, குஞ்சம் எதுவும் கழுத்தில் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பொத்தானைப் பின்னல் நூலால் தைக்காதீர்கள். நல்ல தையல் நூலை இரட்டையாகக் கோத்து, துணியின் உள்பக்கம் ஒரு சிறு தட்டைப் பொத்தானை வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். தைத்த பின் உங்கள் பலம் முழுவதையும் போட்டு இழுங்கள். கழன்று வந்தால் உங்கள் கையில் வரட்டும், குழந்தையின் வாயில் வேண்டாம். முயல், யானை வடிவப் பொத்தான்களின் காதும் தும்பிக்கையும் துளையில் சிக்கும். வட்டமே நல்லது. தூங்கவைக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடச் சொல்வதும் என் வழக்கம், நம் ஊர் உஷ்ணத்துக்கு.

என்ன நிறம்?

வெள்ளை படத்துக்கு நன்றாக இருக்கும். கண்மை, எண்ணெய், கக்கிய பால் மூன்றையும் ஒரே காலையில் சந்திக்கும் உடுப்புக்கு வெள்ளை எதற்கு? கறுப்பை மணிக்கும் வளைக்கும் ஏற்பவர்கள்கூடத் துணியில் ஏற்கமாட்டார்கள். நான் பெரும்பாலும் கடுகு மஞ்சளும் கிளிப்பச்சையும் எடுப்பேன், மஞ்சள் கறை மஞ்சளில் தெரியாது. பையனுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா என்பதில் எனக்கு ஆர்வமில்லை. தம்பிக்கோ தங்கைக்கோ இறங்க வேண்டிய உடுப்பு அது. சிவப்பும் வெள்ளையும் கலந்தால் சிவப்பை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

கை பழகியவருக்குப் பதினைந்து இருபது மணி நேரம். புதியவருக்கு அதைப்போல இரண்டு பங்கு, பிரித்துப் பின்னும் நேரம் தனி.

நீங்களே பின்னித் தந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், எவ்வளவு?

நூலுக்கு ஆவது இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் செலவு. அதன்மேல் இருபது மணி நேரக் கூலியை நீங்களே போட்டுப் பாருங்கள். போட்டதும் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வந்துவிடுகிறார்கள்.

கடைகளில் விற்கும் நிட்டிங் ஸ்வெட்டரை, அதாவது கையால் என்றால் இரண்டு ஊசியில் பின்னும் வகையை, இயந்திரம் பின்னும். குரோஷே அப்படி இல்லை, கடையில் தொங்கும் துண்டும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த இந்தப் பின்னலைச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் இன்றும் வீட்டிலிருந்தே பின்னிக் கொடுக்கிறார்கள். 2024-இல் அவர்கள் லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னிய துண்டுக்குக் கூலி என்ற கணக்கில் அவர்கள் கைக்குப் போவது சொற்பம். ஆகவே மிக மலிவான குரோஷே உடுப்பைப் பார்த்தால் எனக்கு வாங்கக் கை வருவதில்லை.

முடித்த பிறகு கோணல்மாணலாக இருக்கிறதே?

நனைத்தால் பாதி சரியாகும். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். இன்னொரு துண்டின் மேல் பரப்பி, கைகளை இரு பக்கமும் சமமாக நீட்டி, நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, ஒரு நொடியில் தொய்ந்து பளபளத்துப்போகும், திரும்ப வராது. பரிசோடு துவைக்கும் முறையை ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். நூலின் உறையையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

நடுவில் ஒரு தவறு இப்போதுதான் கண்ணில் பட்டது. பிரிக்கவா?

எண்ணிக்கை தவறு என்றால் பிரியுங்கள், அது கீழே போகப்போகப் பெருகும். ஒரு கண்ணி மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். ஓடி ஆடும் குழந்தையின் முதுகில் அதை யார் தேடப்போகிறார்கள்?

மீந்த நூலை என்ன செய்வது?

பாதி உங்களுக்கு, பாதி அந்தப் பெட்டிக்குள். ஸ்வெட்டரோடு பத்து கிராம் நூலும் ஒரு மாற்றுப் பொத்தானும் வைத்துக் கொடுங்கள். மற்றதைச் சதுரங்களாகப் பின்னி வாருங்கள். சதுரம் சேர்ந்தால் போர்வை. 2016 ஜனவரியில் சென்னையில் நம் நாட்டுக் குரோஷேப் பெண்கள் துண்டு துண்டாகப் பின்னி இணைத்த போர்வை பதினோராயிரம் சதுர மீட்டரைத் தாண்டிக் கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது.

கிழிந்தால், பிரிந்தால்?

அந்தப் பத்து கிராம் நூல் அதற்குத்தான். கழுத்திலிருந்து பின்னியதால் கையின் நுனியைப் பிரித்து நீளமாக்கலாம், கீழ் விளிம்பைப் பிரித்து நான்கு வரிசை கூட்டலாம். போன கார்த்திகையில் கோத்தகிரியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. நான் மூன்று வருடம் முன்பு பின்னிக் கொடுத்த கடுகு மஞ்சள் ஸ்வெட்டர். இடது முழங்கை தேய்ந்து கண்ணிகள் விட்டிருந்தன, நடுப் பொத்தானைக் காணவில்லை, மார்பில் கேரட் நிறத்தில் ஒரு கறை. கூடவே சீட்டு: பெரியவனுக்குப் போதவில்லை, சின்னவள் ஐப்பசியில் பிறந்திருக்கிறாள், தை பிறப்பதற்குள் முழங்கையைச் சரிசெய்து தர முடியுமா அக்கா. கேட்டிருந்தது முழங்கைதான். கைகள் இரண்டையுமே அக்குள்வரை பிரித்துவிட்டு, மீந்த நூலையும் சேர்த்துப் புதிதாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். கறை போகவில்லை.